திரும்பி வரும் வழியின் கிரயம்

கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் பெருவழியில், ஏறத்தாழப் பாதி தூரத்தில், பொன்மலை என்னும் சிறு குன்றின்மேல் வேலாயுதசுவாமி எழுந்தருளியிருக்க, அதன் அடிவாரத்தில் தக்காளிச் சந்தையும் தென்னந்தோப்புகளும் பாலக்காட்டுக் கணவாயின் ஓயாத காற்றும் கொண்டு விளங்கும் ஊர் கிணத்துக்கடவு. 1915-ஆம் ஆண்டில் போத்தனூருக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே 40 கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது இவ்வூருக்கும் ஒரு நிலையம் வாய்த்தது. 1928-ல் பொள்ளாச்சியிலிருந்து பழனி வழியாகத் திண்டுக்கல்லுக்கும், 1932-ல் பாலக்காட்டுக்கும் பாதைகள் நீண்ட பிறகு, கிணத்துக்கடவின் நடைமேடையில் ஏறி உட்கார்ந்த ஒரு குடியானவர் தைப்பூசத்துக்குப் பழனியிலோ, கலியாணத்துக்கு மதுரையிலோ, பித்ருகாரியத்துக்கு இராமேசுவரத்திலோ இறங்கலாம் என்ற சௌகரியம் உண்டாயிற்று. அந்தச் சௌகரியத்தைத் தந்தது மீட்டர்கேஜ் பாதை. தண்டவாளங்கள் இரண்டுக்கும் இடையே சரியாக ஒரு மீட்டர், அதாவது 1,000 மில்லிமீட்டர் இடைவெளியுடைய பாதை.

அந்தப் பாதை இன்று இல்லை. அதனிடத்தில் 1,676 மில்லிமீட்டர் இடைவெளியுடைய அகலப் பாதை கிடக்கிறது. ஒன்று போய் மற்றொன்று வந்தது முன்னேற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், ஒரு வண்டியையோ வழியையோ மேம்படுத்துவதற்கு என்ன செலவாகும் என்று கணக்கிடாத அரசாங்கத்தை நாம் கண்டதில்லை; அந்த மேம்பாடு பிழையென்று பிற்காலத்தில் தெரியவந்தால், அதைக் களைந்து பழையபடி ஆக்குவதற்கு என்ன செலவாகும், அதை யார் தலையில் வைப்பது என்று முன்கூட்டியே கணக்கிட்ட அரசாங்கத்தைக் காண்பது அரிதினும் அரிது. தென்னிந்திய இருப்புப்பாதைகளின் சரித்திரத்தில் இந்தக் கணக்கு ஒருமுறையன்று, பலமுறை தவறியிருக்கிறது.

இந்தியாவில் முதலில் பதிக்கப்பட்டவை அகலப் பாதைகளே. இங்கிலாந்தில் வழக்கத்திலிருந்த 4 அடி 8½ அங்குலமே போதும் என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் நினைக்க, கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபு 6 அடி வேண்டும் என்று வாதிட, முடிவில் 5 அடி 6 அங்குலம் என்று தீர்மானமாயிற்று. சென்னை இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டை நோக்கி 1856-ல் புறப்பட்ட பாதை இந்த அளவில்தான் சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாக 1862-ல் மேற்குக் கடற்கரையின் பேப்பூரை எட்டியது. கோயம்புத்தூர் நகரத்துக்கு ரயில் வருவதற்கு முன்பே போத்தனூருக்கு ரயில் வந்துவிட்டது என்பது கொங்கு நாட்டார் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் செய்தி.

பாதை அமைத்த கம்பெனிகளின் மூலதனத்துக்கு நூற்றுக்கு 5 வீதம் வட்டி கிடைக்கும் என்று அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்திருந்தது. வருமானம் குறைந்தால் மிச்சத்தை இந்தியக் கஜானா கட்டவேண்டும். கஜானாவில் இருந்ததோ நிலவரியும் உப்புவரியும். இலண்டனிலிருந்த பங்குதாரர் நஷ்டமடையாதபடி தஞ்சாவூர்க் குடியானவரும் கோயம்புத்தூர்க் குடியானவரும் பொறுப்பேற்றிருந்த அந்த ஏற்பாட்டின் பாரம் தாங்கமாட்டாமல், மேயோ பிரபுவின் ஆட்சியில், 1870-ஐ ஒட்டி, இனிப் புதிதாகப் போடும் பாதைகளை மலிவான குறுகிய அளவில் போடலாம் என்று முடிவு செய்தார்கள். முதலில் 3 அடி 3 அங்குலம் என்று பேசி, இந்தியாவில் தசமான அளவைகள் வரப்போகின்றன என்ற நம்பிக்கையில் அதை ஒரு மீட்டராகத் திருத்தினார்கள். அந்த அளவைகள் நம்முடைய வியாபாரத்தில் நடைமுறைக்கு வருவதற்கு மேலும் எண்பதாண்டுக்கு மேல் ஆயிற்று. எதிர்பார்த்த சீர்திருத்தம் வராமலே அதற்காகச் செய்த திருத்தம் மட்டும் தங்கிவிட்டது.

இங்கேதான் தஞ்சையும் கொங்கும் சேர்ந்த ஒரு விசித்திரமான கதை தொடங்குகிறது. கிரேட் சதர்ன் கம்பெனி என்ற ஸ்தாபனம் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளிவரை 1861, 1862 ஆண்டுகளில் அகலப் பாதை போட்டு, அதைக் கரூர் வழியாக நீட்டி 1868-ல் ஈரோட்டில் சென்னைப் பாதையோடு இணைத்துவிட்டது. கீழைக் கடலின் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஒரு சரக்குப் பெட்டி, வழியில் எங்கும் மூட்டையை இறக்கி ஏற்றாமல், போத்தனூரைக் கடந்து மேலைக் கடல்வரை செல்லக்கூடிய நிலைமை அன்று இருந்தது. 1874-ல் அந்தக் கம்பெனி கர்நாடிக் கம்பெனியோடு சேர்ந்து தென்னிந்திய ரயில்வே என்ற பெயர் பெற்றது. திருச்சியிலிருந்து மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் போட்ட புதிய பாதைகள் மீட்டர் அளவினவாக இருந்தமையால், பழைய பாதையும் அதே அளவில் இருந்தால் ஒரே சீராகிவிடும் என்று எண்ணி, 1875-ல் நாகப்பட்டினம்–திருச்சிப் பகுதியையும், 1879-ல் திருச்சி–ஈரோட்டுப் பகுதியையும் பெயர்த்துக் குறுக்கினார்கள்.

குறுக்குவது எப்படி என்பதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்ப்போம். மரக்கட்டை பதித்த பாதையில் ஒரு தண்டவாளத்தை அசையாமல் விட்டுவிட்டு, மற்றதன் ஆணிகளைக் கடப்பாரையால் நெம்பிப் பிடுங்கி, தண்டவாளத்தை உள்முகமாக நகர்த்தி, அளவுக்கோலை வைத்துப் பார்த்துப் புதிய இடத்தில் ஆணி அறைகிறார்கள். பழைய துளைகளில் மரமுளைகளை அடித்து அடைக்கிறார்கள், இல்லாவிடில் மழைநீர் இறங்கிக் கட்டை உளுத்துவிடும். ஒன்பதடி நீளமுள்ள அகலப்பாதைக் கட்டை, குறுக்கிய பாதையைத் தாராளமாகத் தாங்கும். கரையின் அகலம் போதும், பாலத்தின் பலம் போதும். வேலை துரிதமாக முடிந்து, அடுத்த வண்டி புதிய அளவில் போய்விடும்.

திரும்பவும் அகலமாக்க வேண்டும் என்றாலோ கதையே வேறு. மீட்டர்ப் பாதைக்கென்று இடைக்காலத்தில் மாற்றிப் போட்ட கட்டைகள் ஆறடிதான். அகலத் தண்டவாளத்துக்கு அவற்றில் இடமே இல்லை. கரையை மண்ணடித்து அகலப்படுத்த வேண்டும். நடைமேடைகளின் விளிம்பை வெட்டிப் பின்வாங்கிக் கட்டவேண்டும். சிறு எஞ்சின்களுக்குப் போதுமாயிருந்த பாலத்து உத்திரங்களைக் கழற்றிப் பெரியவற்றை ஏற்றவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அளவில் ஓடிய எஞ்சின்களும் பெட்டிகளும் அந்த வழிக்கு உதவாமல் போகும். நீண்ட துணியை வெட்டிச் சட்டை தைக்கும் தையற்காரர் வெட்டிய துணியை மறுபடி நீட்டமுடியாதது போல, இறங்கிவருவதற்கு ஆகிய கூலியைக் கொண்டு ஏறிப்போக முடியாது.

ஆகவே 1879-ல் ஈரோட்டில் இரண்டு உலகங்கள் முட்டிக்கொண்டு நின்றன. கரூரிலிருந்து வந்த மூட்டை ஒவ்வொன்றும் ஒரு பெட்டியிலிருந்து இறங்கி, ஒரு மனிதனின் முதுகில் ஏறி, அடுத்த பெட்டிக்குள் போயிற்று. மூட்டை கிழிந்தால் தானியம் சிந்தும். பானை உடைந்தால் எண்ணெய் போகும். பெட்டி கிடைக்காவிட்டால் சரக்கு நாள்கணக்கில் கொட்டகையில் கிடக்கும். கூலி கம்பெனியின் கணக்கில் எழுதப்பட்டது; சிந்தியதும் காத்துக்கிடந்ததும் வியாபாரியின் கணக்கில் போய், அங்கிருந்து விளைவித்தவனின் தலையில் விடிந்தது. 1929-ல் திருச்சி–ஈரோட்டுப் பாதையை மறுபடியும் அகலமாக்கினார்கள். 1868-ல் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையை அடைய 61 ஆண்டுகள். 1860-களின் இலேசான எஞ்சின்களுக்காக முதலில் கட்டியதைக் கொண்டே 1929-ன் கனத்த எஞ்சின்களை ஓட்டிவிடவும் முடியாது. முதலில் போட்டதற்கும், பெயர்த்ததற்கும், மறுபடி போட்டதற்கும் ஆக மூன்று தடவை பணம் கொடுத்தார்கள் இந்நாட்டு மக்கள். அந்த மூன்றில் ஒரு தடவையேனும் அவர்களுடைய அபிப்பிராயம் கேட்கப்பட்டதாகச் சரித்திரம் சொல்லவில்லை. தஞ்சைப் பகுதியோ மேலும் அறுபதாண்டுக்கு அதிகமாகக் காத்திருந்து, இருபதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் தன் பழைய அகலத்தைத் திரும்பப் பெறத் தொடங்கியது.

ஈரோட்டில் தீர்ந்த அந்தத் தொல்லை போத்தனூரில் தீரவில்லை. திண்டுக்கல், பழனிப் பக்கத்திலிருந்து கிணத்துக்கடவு வழியாக வந்த மீட்டர்கேஜ் சரக்குப் பெட்டி அகலப் பாதையோடு சந்திக்கும் இடத்தில், ஈரோட்டில் ஐம்பதாண்டுகள் நடந்த அதே இறக்கு ஏற்றுக் காரியம் நடந்தாக வேண்டும். பொள்ளாச்சிச் சந்தையின் மாடுகளும் வெல்லமும் தேங்காயும் கடலையும் நாளடைவில் லாரிக்கு மாறியதற்குச் சாலை நன்றாக இருந்ததும் ஒரு காரணந்தான். ஆனால் தோட்டத்து வாசலில் ஏற்றிய மூட்டையை வாங்குபவர் கடைவாசலில் மட்டுமே இறக்கும் லாரியோடு, நடுவழியில் இறக்கி ஏற்றச் சொல்லும் ரயில் எவ்விதம் போட்டியிடும்?

யுத்தகாலத்தில் இந்தக் கணக்கு இன்னும் கொடூரமாயிற்று. இரண்டாம் உலக யுத்தத்தின் தேவைக்கு இரும்பு வேண்டும் என்று, திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூருக்கும் ஓடிய சிறு பாதைகளை 1941-ஐ ஒட்டி நிறுத்திப் பெயர்த்தார்கள். நமக்கு அண்டையிலுள்ள ஷோரனூர்–நிலம்பூர்ப் பாதையும் அதே 1941-ல் பெயர்க்கப்பட்டது; முழுமை பெற்றுப் பதினைந்தாண்டுகூட ஆகாத பாதை அது. நிலம்பூர்ப் பாதையை 1950-களில் சுதந்திர இந்தியா தன் சொந்தப் பணத்தில் மறுபடி போட்டுத் தந்தது. கிருஷ்ணகிரிக்கு அந்தப் பாக்கியம் இன்றுவரை கிட்டவில்லை. பெயர்த்தெடுக்கும்போது இரண்டு ஊர்களுக்கும் ஒரே காரணம் சொல்லப்பட்டது. திருப்பித் தரும்போது ஓர் ஊருக்கு மட்டுமே நினைவு வந்தது.

அதே யுத்தத்தில், ருஷ்யாவுக்குள் நுழைந்த ஜெர்மானியப் படை, சற்றே அகலமாக இருந்த ருஷ்யப் பாதைகளின் ஒரு தண்டவாளத்தைத் தன் வண்டிகளுக்கு ஏற்றவாறு ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டர் உள்ளே நகர்த்தி ஆணி அடித்துக்கொண்டே முன்னேறிற்று. பின்வாங்க நேர்ந்தபோது, பகைவன் அந்தத் தண்டவாளத்தைப் பழைய இடத்துக்கு நகர்த்திவிடக் கூடாதே என்பதற்காக, எஞ்சினின் பின்னால் ஒரு பாரவண்டியைக் கட்டி, அதிலிருந்து தொங்கிய பிரம்மாண்டமான இரும்புக் கொக்கியால் பாதையின் நடுவே உழுது, கட்டைகள் ஒவ்வொன்றையும் இரண்டாக முறித்துக்கொண்டே போயிற்று. எதிரிக்குச் செய்யக்கூடிய தீங்குகளில் பெரியது, அவன் தன் பழைய நிலைக்குத் திரும்புவதற்கான செலவை உயர்த்திவிடுவதே என்பதைப் போர்த்தலைவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள். சமாதான காலத்தில் திட்டமிடுவோர் தம் சொந்த மக்களுக்கே அறியாமல் அதைச் செய்துவிடுகிறார்கள் என்பதுதான் என் மனத்தாங்கல்.

நம் காலத்து இளைஞர்கள் கணினியில் விளையாடும் போர்விளையாட்டுகளை அற்பமென்று ஒதுக்கும் பெரியவர்கள் பலர். அவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். 2010-ல் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ் என்ற விளையாட்டில், தன் கவசவண்டியின் பீரங்கிக்கு விரைந்து குண்டேற்றும் கருவியொன்றைப் பொருத்திக்கொண்ட ஒருவர், பின்னால் மனம் மாறி அதை வேறு வண்டிக்குக் கொண்டுபோக விரும்பினால், பல ஆண்டுகளாக 10 தங்கக் காசுகள் கூலி கட்டவேண்டியிருந்தது. அந்தத் தங்கமோ மெய்யான பணம் கொடுத்து வாங்குவது. கூலி கொடுக்க மனமில்லையென்றால் கருவியை அழித்துவிடலாம், அதற்குக் கட்டணமில்லை. இதில் பணம் பறிக்கும் நோக்கம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. எனினும், மேம்படுத்தியதைக் கழற்றுவதற்கு ஒரு விலை உண்டு என்பதும், அந்த விலை இன்னது என்பதும், கழற்றாமல் உடைப்பதுதான் எப்போதும் மலிவு என்பதும் அங்கே எழுத்தில் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி–ஈரோட்டுப் பாதையைக் குறுக்கிய பொறியாளர்களிடம் அப்படி ஒரு பட்டியல் இருந்திருந்தால், 1929-ல் வரப்போகும் செலவுச்சீட்டு அவர்களுடைய கண்ணில் முன்பே பட்டிருக்கும்.

1992-ல் மத்திய அரசாங்கம் நாடெங்கும் ஒரே அளவுப் பாதை என்ற திட்டத்தைத் தொடங்கியது. நியாயமான திட்டம்; மேயோ பிரபுவின் காலத்துச் சிக்கனத்துக்கு நூற்றிருபதாண்டு கழித்து எழுதப்பட்ட பிராயச்சித்தம் என்றே அதைச் சொல்லவேண்டும். அதன் முறை கொங்கின் தென்கோடிக்கு வந்தபோது, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு, போத்தனூர் ஆகிய ஊர்களை இணைத்த மீட்டர்ப் பாதைகள் 2008, 2009 ஆண்டுகளில் பகுதி பகுதியாக மூடப்பட்டன. கிணத்துக்கடவின் வழியே மறுபடி ரயில் ஓடியது 2017-ல்.

இடைப்பட்ட அந்த ஏறத்தாழ எட்டு ஆண்டுகளின் செலவு எந்த மதிப்பீட்டிலும் இல்லை. கோயம்புத்தூரில் படிக்கப் போன மாணவரும், மில்லுக்குப் போன தொழிலாளியும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன நோயாளியும் ரயில் சீட்டைப்போல் பல மடங்கு கொடுத்துப் பஸ்ஸில் நின்றுகொண்டு போனார்கள். பழனிக்கு ரயிலேறிப் பழகிய குடும்பங்கள் வேன் பேசிக்கொண்டன. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தங்கள் ஊருக்கு ஒரு ரயில் நிலையம் உண்டு என்பதைக் கேள்வியால் மட்டுமே அறிந்து வளர்ந்தார்கள். ஜனங்களின் பழக்கம் ஒருமுறை கலைந்தால் மீளாது. 2017-க்குப் பின் வண்டிகள் வந்தபோது, அவற்றுக்காகக் காத்திருந்தவர்களில் பாதிப்பேர் இருசக்கர வண்டி வாங்கியிருந்தார்கள், சாலை நான்கு தடமாகி ஊருக்குள் மேம்பாலமும் எழுந்துகொண்டிருந்தது. வழியிலிருந்த சிறு நிலையங்கள் எல்லாமும் பழைய அந்தஸ்துக்குத் திரும்பவும் இல்லை.

புதிய பாதையை அருகே சென்று பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். மரக்கட்டை போய்க் கான்கிரீட் கட்டை வந்திருக்கிறது. வார்க்கும்போதே அதனுள் இரும்புச் செருகுகளைப் புதைத்துவிடுகிறார்கள். அச்செருகுகளில் வளைந்த எஃகுக் கவ்வியை அடித்து இறக்கினால் தண்டவாளம் அசையாமல் உட்கார்ந்துகொள்கிறது. ஆணியைப் பிடுங்கி, பக்கத்தில் அறைந்து, பழைய துளைக்கு முளையடித்த காலம் முடிந்தது. 1,676 மில்லிமீட்டர் என்று வார்க்கப்பட்ட கட்டை சாகும்வரை அந்த அளவுதான். மரம் மனிதனுக்கு மறுயோசனைக்கு இடம் வைத்திருந்தது. கான்கிரீட் நூறுமடங்கு உறுதியானது, வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் ஏற்றது. ஆகையினாலேயே அதை வார்க்கும் முன் செய்யும் யோசனை நூறுமடங்கு அதிகமாக இருக்கவேண்டும்.

மீட்டர்ப் பாதையில் ஓடிய வண்டிகள் என்ன ஆயின? ஒய்.டி.எம்.-4 என்ற டீசல் எஞ்சின்களில் சில, இன்னும் மீட்டர்ப் பாதை வைத்திருக்கும் மியான்மர், மலேசியா போன்ற நாடுகளுக்குப் போயின. மிகுந்தவை பழைய இரும்பாயின. நல்ல ஓட்டத்திலிருந்த எஞ்சின்களும் அவற்றில் உண்டு. அவற்றுக்கு வழி போய்விட்டது, அவ்வளவே. தமிழ்நாட்டில் மீட்டர்ப் பாதை இன்று உயிரோடிருப்பது மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலைவழியில் மட்டும். 1899-ல் குன்னூர்வரையும் 1908-ல் உதகைவரையும் எட்டிய அந்தப் பாதைக்கு 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற கௌரவம் அளித்தது. அதன் பல்சக்கர எஞ்சின்களைப் பழுது பார்ப்பதும் புதிதாகச் செய்வதும் 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு இடம் மாறிய பொன்மலைப் பட்டறை. கிணத்துக்கடவுக் குன்றின் பெயரே அதற்கும் வாய்த்திருக்கிறது. ஒரு மீட்டர் அளவுக்குச் சக்கரம் கோக்கத் தெரிந்த தொழிலாளிகள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் ஓய்வுபெறுமுன் அந்த வித்தை அடுத்தவர் கைக்குப் போகவேண்டும் என்பது என் ஆசை.

கோயம்புத்தூரிலிருந்து இராமேசுவரத்துக்கு வாரம் ஒருமுறை இப்போது ஒரு விரைவு வண்டி ஓடுகிறது. அது ஈரோடு, கரூர், திருச்சி வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. அகலமாகப் பிறந்து, குறுகி, மறுபடி அகன்ற அதே பாதையின் வழியாகத்தான். கிணத்துக்கடவில் இருப்பவர் தெற்கே போகவேண்டிய யாத்திரைக்கு வடக்கே கோயம்புத்தூர் சென்று அந்த வண்டியைப் பிடிக்கவேண்டும். அவர் ஊரின் நிலையத்தைத் தொட்டுச் செல்லும் பாதையோ பழனி, திண்டுக்கல், மதுரை வழியாக நேரே அந்தத் திசைக்குத்தான் போகிறது; மீட்டர்கேஜ் காலத்தில் இராமேசுவரம் வண்டி அதில்தான் ஓடியது. அந்த வண்டியைப் பொள்ளாச்சி வழியாக மறுபடி விடவேண்டும் என்று இப்பகுதிப் பிரயாணிகள் கேட்பது சலுகையன்று. அகலப்படுத்தித் தருகிறோம் என்று சொல்லி எடுத்துக்கொண்டதை, அகலப்படுத்தி முடித்தபின் திருப்பிக் கேட்கிறார்கள்.